எழுந்த நொடியில் வரும் இழுப்பு: எட்டு ஆண்டுகள் பெயர் கிடைக்காத ஒரு நோயின் நிகழ்வு ஆய்வு

நோயாளி ஆண். அறிகுறி தொடங்கியபோது வயது 12. முதல் மருத்துவரைப் பார்த்தபோது 13. நோய்க்குப் பெயர் கிடைத்தபோது 21. இப்போது 30. அந்த நோயாளி நான்தான் என்பதால், மருத்துவ இதழ்களில் வரும் அறிக்கைகளின் நிதானம் இதில் எல்லா இடத்திலும் இருக்காது. ஆனால் பழைய சீட்டுகள், ஸ்கேன் அறிக்கைகள், 19 வயதில் எழுதத் தொடங்கிய ஒரு நோட்டு எல்லாம் கைவசம் இருக்கின்றன. அவற்றை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரியர் திடீரென்று என் பெயரைச் சொல்கிறார். சட்டென்று எழுகிறேன். இடது உள்ளங்காலில் ஒரு கூச்சம் ஓடுகிறது. அது முழங்காலைத் தாண்டுவதற்குள் கட்டைவிரல் மேலே வளைகிறது, பாதம் உள்பக்கம் திரும்பிக்கொள்கிறது, இடது கை முழங்கையில் மடங்கி மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறது. வாயின் இடது ஓரமும் இழுத்துக்கொள்வதால் பேச்சு குழறுகிறது. வலி கிடையாது. மயக்கம் கிடையாது. ஆசிரியர் கேட்ட கேள்வி காதில் விழுகிறது, பின்வரிசையில் யாரோ சிரிப்பதும் விழுகிறது. பத்து எண்ணுவதற்குள் எல்லாம் போய்விடும். அப்புறம் தேடினாலும் உடம்பில் ஒரு தடயமும் இருக்காது.

இப்படி நாளுக்கு மூன்று நான்கு முறை தொடங்கியது. 15 வயதில் இருபதைத் தாண்டிய நாட்களும் உண்டு.

மறைக்கக் கற்றுக்கொண்டது

இந்த வழக்கில் முதல் குழப்பத்தை உண்டாக்கியவன் நான்தான். முதல் ஆண்டு முடிவதற்குள் இழுப்பை ஏமாற்றும் வித்தைகள் எனக்கு அத்துபடியாகிவிட்டன. எழுவதற்கு முன் மேசைக்கடியில் இடது காலை மெல்ல இரண்டு மூன்று முறை ஆட்டிக்கொண்டால் வராது. கூச்சம் தொடங்கிய கணமே அசையாமல் நின்றுவிட்டால் பாதி நேரம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்ளலாம். பேருந்தில் என் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து நின்றுகொள்வேன். தொலைபேசி மணி அடித்தால் எடுக்க ஓட மாட்டேன். ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். 'ரெடி' சொன்னதும் கிளம்பாமல் முறுக்கிக்கொண்டு நிற்பவனை யார் அணியில் வைத்துக்கொள்வார்கள்?

ஆக, மருத்துவர் முன்னால் போய் உட்காரும்போது நான் மெதுவாக எழும், மெதுவாக நடக்கும், எந்தக் குறையும் தெரியாத பையன். கேட்டால், "கை கால் இழுக்குது டாக்டர், முறுக்கிக்குது" என்பேன். எப்போது இழுக்கிறது என்று நானாகச் சொன்னதில்லை. எழுந்தால் இழுப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

முதல் மருத்துவர் வளரும் வயது, சத்துக் குறைவு என்றார். வைட்டமின், கால்சியம் மாத்திரைகளோடு ஒன்றரை ஆண்டு போனது. அதில் எழுத ஒன்றுமில்லை.

வலிப்பு என்ற பெயர்

15 வயதில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் வலிப்பு என்று நினைத்தார். இன்றைக்கு யோசித்தாலும் அவரை முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, சில நொடிகள் மட்டும், அதற்கு முன் ஒரு கூச்சம். வலிப்பிலும் இவை மூன்றும் உண்டு. பழைய மருத்துவ நூல்களிலேயே இந்த நோயை 'அசைந்தால் வரும் வலிப்பு' என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள்.

மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தார்கள். கட்டிலில் அசையாமல் படுக்கவைத்து அரை மணி நேரம். அசைந்தால் மட்டும் வரும் ஒன்றை அசையாமல் படுத்திருக்கும்போது தேடினார்கள் என்பது அப்போது எனக்கும் உறைக்கவில்லை. 'லேசான, குறிப்பிட்டுச் சொல்ல முடியாத மாற்றங்கள்' என்று அறிக்கை வந்தது. இப்படி ஒரு வரி நோய் இல்லாத பலருடைய இ.இ.ஜி.யிலும் வரும். ஆனால் சந்தேகத்தோடு படிப்பவருக்கு அது ஆமாம் என்று சொல்வது போலத்தான் தெரியும்.

வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை தொடங்கினார்கள். இரண்டரை ஆண்டுகள் சாப்பிட்டேன். இழுப்பு குறையவில்லை என்றதும் அளவைக் கூட்டினார்கள். எடை ஏறியது, முடி கொட்டியது, நீட்டிய கை விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. கை நடுக்கம் அந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் தெரிந்த ஒன்றுதான். ஆனால் என் சீட்டில் அது 'புதிய அறிகுறி: கைநடுக்கம்' என்று ஏறியது. தானாக வரும் அசைவுக்கு வைத்தியம் பார்க்கப் போனவனுக்கு இன்னொரு அசைவு கூடிவந்தது.

வலிப்பு நோயாளி என்ற சொல் தனியாக வேறு வேலை செய்தது. நீச்சல் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, மாடிப்படி ஓரம் நிற்காதே. எனக்கு நினைவு ஒரு முறைகூடத் தப்பியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். உனக்கே தெரியாமல் தப்பியிருக்கும் என்றார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அன்று அவர் வால்ப்ரோயேட்டுக்குப் பதில் கார்பமசிபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை எழுதியிருந்தால் ஒரே வாரத்தில் இழுப்பு நின்றிருக்கும். நானும் வலிப்பு நோயாளி என்ற பெயரோடு, அது தவறான பெயர் என்று தெரியாமலே, சௌகரியமாக வாழ்ந்திருப்பேன். மருந்து கேட்டது என்பதாலேயே நோயின் பெயர் சரி என்று ஆகிவிடாது.

மனசு என்ற பெயர்

18 வயதில் வேறு மருத்துவமனை. எம்.ஆர்.ஐ. நார்மல். புதிதாக எடுத்த இ.இ.ஜி. நார்மல். ரத்தம் நார்மல். மருத்துவர் என்னை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை எழுந்து உட்காரச் சொன்னார், அப்போதும் வரவில்லை. வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அதற்கு இன்றும் நன்றி சொல்வேன். நிறுத்திவிட்டு, "எல்லாம் நார்மல்தான், மனசுலதான் பதற்றம்" என்று என் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

ஏன் அங்கே வரவில்லை என்ற மர்மம் விலக மூன்று ஆண்டுகள் ஆயின. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர். ஓராண்டு போனேன். விசித்திரம் என்னவென்றால் இழுப்பு கொஞ்சம் குறைந்தது. பதற்றமும் தூக்கமின்மையும் இந்த நோயைக் கூட்டும், அவை குறைந்தால் இதுவும் ஓரளவு குறையும் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போதோ, பார், மனசுதான் காரணம் என்பதற்கு அது நிரூபணமாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, மனசு என்று சொல்லும் மருத்துவர்கள் எல்லாரும் கையை விரிப்பவர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நரம்பு மண்டலத்தின் அமைப்பு பழுதாகாமல் செயல்பாடு மட்டும் தடுமாறி, நடுக்கமும் இழுப்பும் வருவது உண்மையிலேயே உண்டு. அது நடிப்பு அல்ல. அதற்கென்று சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க அதற்கே உரிய அடையாளங்கள் வேண்டும். உதாரணமாக, ஒரு கை நடுங்கும்போது மற்றக் கையால் தாளம் போடச் சொன்னால், நடுங்கும் கை அந்தத் தாளத்தின் வேகத்துக்கு மாறிவிடும். கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் அசைவு கலைந்துபோகும். இப்படி ஏதாவது ஒன்றைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய நோய் அது. பரிசோதனைகள் எல்லாம் நார்மல் என்று வந்ததும், மிச்சம் இருப்பது இதுதான் என்று ஒட்டிவைக்கும் பெயர் அல்ல. என்னிடம் யாரும் அந்த அடையாளங்களைத் தேடவில்லை.

என்ன அசைவு என்று கேட்பது

19 வயதில் நானே படிக்க ஆரம்பித்தேன். இரவில் படிக்கக் கூடாத விஷயங்களில் இது ஒன்று. 1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர், அப்போது அவருக்கு வயது 22தான், ஒரு பரம்பரை நோயைப் பற்றி எழுதினார். கை கால்கள் தாமாக ஆடும், ஆண்டுகள் போகப் போக மோசமாகும், மனமும் சிதையும். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் இழுப்பு இருபதைத் தாண்டியது.

ஆனால் படித்ததில் ஒரு நல்லதும் நடந்தது. 'இழுக்குது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் ஆறு ஆண்டுகள் மருத்துவர்களிடம் பேசியிருக்கிறேன் என்று புரிந்தது. அவர்கள் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது ஆறு விதமான அசைவுகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரே சீரான தாளத்தில் ஆடினால் நடுக்கம். மின்னல் வெட்டுவது போல ஒரு கணம் தூக்கிப் போட்டால் மயோகுளோனஸ். தூங்கப் போகும்போது உடம்பு தூக்கிப் போடுவதும், விக்கலும்கூட இந்த வகைதான். அடுத்து எங்கே வரும் என்று சொல்ல முடியாமல் அங்கங்கே ஆடிக்கொண்டே இருந்தால் கொரியா, கிரேக்கத்தில் நடனம் என்று பொருள். உறுப்பு முறுக்கி ஒரு கோணலில் நின்றுவிட்டால் டிஸ்டோனியா. செய்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் உள்ளே எழுந்து, செய்ததும் நிம்மதி வந்தால் டிக். கண் இமை துடிப்பது போலத் தோலுக்கடியில் தசை மட்டும் துள்ளி, மூட்டு அசையாமல் இருந்தால் அது தசைத் துடிப்பு. பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயம்.

என்னுடையது டிஸ்டோனியா, கொஞ்சம் கொரியா கலந்தது என்று கண்ணாடி முன் நின்று முடிவு செய்தேன். ஆனால் அந்த இரண்டைப் பற்றியும் படித்தபோது எதுவும் பொருந்தவில்லை. அவை நாள் முழுக்க இருப்பவை. என்னுடையது பத்து நொடி விருந்தாளி.

அப்புறம்தான் நோட்டுப் போட்டேன். நேரம், எந்தப் பக்கம், எத்தனை நொடி, நினைவு இருந்ததா, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன். கடைசிப் பத்தியைச் சும்மாதான் சேர்த்தேன். ஆறு வாரம் எழுதிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். 'எழுந்தேன். எழுந்தேன். பேருந்திலிருந்து இறங்கினேன். கதவு மணி, எழுந்தேன். சாலையைக் கடக்க அடி வைத்தேன். எழுந்தேன்.' நடந்துகொண்டே இருக்கும்போது ஒன்றுகூட இல்லை. தூக்கத்தில் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இல்லை. ஓய்விலிருந்து அசைவுக்குத் தாவும் அந்த ஒரு நொடியில் மட்டும்.

அக்காதான் படம் எடுத்தாள். முதல் முயற்சி வீண். இழுப்பு வந்த பிறகு கைப்பேசியைத் தூக்கினாள், முறுக்கிய கை மட்டும் பதிவானது, எதனால் என்பது பதிவாகவில்லை. பிறகு நாங்களே ஒரு முறை வகுத்துக்கொண்டோம். நான் நாற்காலியில் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். கைப்பேசி தலை முதல் பாதம் வரை தெரியும்படி நிலையாக, முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். செருப்பு இல்லாமல் இருந்தால் விரல்கள் தெரியும். இழுப்பின் நடுவே அக்கா ஏதாவது கேட்க வேண்டும், நினைவு இருக்கிறதா என்று பார்க்க. முடிந்து நான் சாதாரணமாக நடப்பது வரை நிறுத்தக் கூடாது. மூன்று பதிவுகள் கிடைத்தன. ஒன்றில், "பதினேழும் எட்டும் எவ்வளவுடா?" என்று அக்கா கேட்க, வாய் கோணியபடி நான் "இருபத்தஞ்சு" என்று குழறுகிறேன். இந்த ஒரு பதிவு அதுவரை எடுத்த எல்லா ஸ்கேனையும்விட அதிகம் பேசியது.

அந்தக் காலை

21 வயதில், அசைவுக் கோளாறுகளை மட்டும் பார்க்கும் ஒரு பெண் நரம்பியல் மருத்துவரிடம் நேரம் கிடைத்தது. காத்திருப்புக் கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பதறி எழுந்தேன். வழக்கம் போல இழுத்தது, சுவரைப் பிடித்துச் சமாளித்தேன், உள்ளே போனேன்.

அவர் கோப்பைத் திறக்கவில்லை. நான் "கை கால் இழுக்குது" என்று தொடங்கியதும் நிறுத்தினார். "கை என்ன பண்ணுதுங்கிறது அப்புறம். அதுக்கு ஒரு நொடி முன்னாடி நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

எட்டு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை முதல் முறையாகக் கேட்டேன். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பத்தியை மட்டும் விரலை ஓட்டிப் படித்தார். காணொளிகளைப் பார்த்தார், இரண்டாவதை இன்னொரு முறை. பிறகு அம்மாவிடம் திரும்பினார். "குழந்தையா இருக்கும்போது இவருக்கு ஃபிட்ஸ் ஏதாவது வந்துச்சாம்மா?"

அம்மா தயங்கினார். "அஞ்சாறு மாசத்துல ரெண்டு மூணு தடவை வந்துச்சும்மா. ரெண்டு வயசுக்குள்ள தானா நின்னு போச்சு. அதான் சரியாப் போச்சேன்னு…" எந்த மருத்துவரிடமும் அதைச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பழைய சீட்டு ஒன்றில் 'குழந்தைப் பருவத்தில் வலிப்பு: இல்லை' என்று எழுதியிருக்கிறது. யாரோ கேட்டிருக்கிறார்கள். அன்று உடன் வந்தவர் அப்பா, அவருக்கு ஞாபகம் இல்லை.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றார். இல்லை என்றோம். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு சின்ன வயசுல ஓடக் கிளம்பினா கால் பிடிச்சுக்கும். இருபத்தஞ்சு இருபத்தாறு வயசுல தானா போயிடுச்சு. அது சுளுக்குன்னு நெனச்சேன்" என்றார். ஒன்பது ஆண்டுகள் நான் முறுக்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அவர் மறைத்தாரா, மறந்தாரா என்று நான் கேட்டதில்லை. நானும் அதே வித்தைகளைச் செய்தவன்தானே.

பிறகு பரிசோதனை. எழுந்து நடக்கச் சொன்னார், ஒன்றும் வரவில்லை. நான் வெட்கத்தோடு, வெளியே வந்தது இங்கே வரமாட்டேன் என்கிறது என்றேன். அவர் சிரித்தார். ஒரு முறை வந்துவிட்டால் அடுத்த சில நிமிடங்களுக்கு, சிலருக்கு இருபது நிமிடம் வரை, மறுபடி வராது. அந்த நரம்புச் சுற்று ஓய்வெடுத்துக்கொள்ளும். 18 வயதில் நடந்ததும் இதேதான். அன்றும் கூடத்தில் பெயரைக் கூப்பிட்டதும் இழுத்தது, அறைக்குள் நுழைந்தபோது இழுக்க முடியாத நிலையில் இருந்தேன். மருத்துவரின் கண் முன்னால் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்ததெல்லாம் அந்த இடைவெளியில்.

என்னை வெளியே அரை மணி நேரம் அசையாமல் உட்காரவைத்தார். பிறகு அவரே வெளியே வந்து, எதிர்பாராத நேரத்தில், "அந்தக் கதவு வரைக்கும் ஓடுங்க!" என்றார். ஓடவில்லை. இரண்டாவது அடியிலேயே இடது பக்கம் முழுவதும் முறுக்கிக்கொண்டது. நடுவே மூன்று சொற்களைச் சொன்னார். முடிந்ததும் திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பன்னிரண்டு நொடி என்று எழுதிக்கொண்டார்.

பெயரும் அதற்கான காரணங்களும்

பெயர்: பராக்சிஸ்மல் கினெசிஜெனிக் டிஸ்கைனீசியா. தமிழில் சொன்னால், அசைவு தூண்டித் திடீரென்று வந்து போகும் அசைவுக் கோளாறு. 1967இல் ஆண்ட்ரூ கெர்ட்டெஸ் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். 1995இல் டெமிர்கிரானும் ஜான்கோவிச்சும், இப்படி வந்து வந்து போகும் கோளாறுகளை அசைவின் வடிவத்தை வைத்துப் பிரிக்காமல் எது தூண்டுகிறது என்பதை வைத்துப் பிரித்தார்கள். நான் கண்ணாடி முன் தோற்ற இடம் இதுதான். திடீர் அசைவு தூண்டினால் ஒரு வகை. காபி, மது, மன உளைச்சல் தூண்டி, நிமிடக்கணக்கில் சில நேரம் மணிக்கணக்கில் நீடித்தால் இன்னொரு வகை. அதை மவுண்ட், ரீபேக் என்ற இருவர் 1940லேயே விவரித்திருந்தார்கள். நெடுநேரம் நடந்தோ ஓடியோ களைத்த பிறகு வந்தால் மூன்றாவது. அதில் ஒரு பகுதியினருக்கு மூளைக்குக் குளுக்கோஸ் கடத்தும் புரதத்தில் குறை இருக்கும்.

2004இல் 121 நோயாளிகளை வைத்து முதல் வகைக்கு அளவுகோல்கள் வகுத்தார்கள். திடீர் அசைவு தூண்ட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நினைவு தப்பக் கூடாது, வலி கூடாது. ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்துக்கோ கார்பமசிபினுக்கோ அடங்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் 1 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் தொடங்கியிருக்க வேண்டும். இவற்றோடு, இழுப்பு இல்லாத நேரத்தில் நரம்பியல் பரிசோதனை நார்மலாக இருக்க வேண்டும்.

கடைசி வரியைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன். என் எம்.ஆர்.ஐ., என் ரத்தம், என் நடை எல்லாம் நார்மல் என்று எட்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் உனக்கு ஒன்றுமில்லை என்பதற்கான சான்றாக. இங்கே அதே நார்மல் நோயின் அடையாளங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது.

இருந்தாலும் அவர் அதோடு விடவில்லை. இதே மாதிரி இழுப்பு வேறு நோய்களின் நிழலாகவும் வரும். கால்சியத்தை மறுபடி பார்த்தார், அதைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனோடு சேர்த்து. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அச்சு அசலாக இப்படி இழுக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மூளையின் ஆழத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம், அதை எம்.ஆர்.ஐ.யைவிட சி.டி. ஸ்கேன் நன்றாகக் காட்டும் என்று ஒரு சி.டி.யும் எடுத்தார். சர்க்கரை, தைராய்டு பார்த்தார். பழைய எம்.ஆர்.ஐ. படங்களை, அறிக்கையை நம்பாமல், தாமே விரித்துப் பார்த்தார். நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் சில நொடி முறுக்கல் வரும், ஆனால் அது பெரும்பாலும் வலிக்கும்.

வில்சன் நோயையும் தேடினார். உடம்பு செம்பை வெளியேற்ற முடியாமல் கல்லீரலிலும் மூளையிலும் சேர்த்துக்கொள்ளும் பரம்பரை நோய் அது. கின்னியர் வில்சன் 1912இல் விவரித்தது. என் கதை அதற்குப் பொருந்தவே இல்லை. "இது அது இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா சின்ன வயசுல அசைவுக் கோளாறோட வர்ற யாரையும் அதைப் பார்க்காம நான் அனுப்புறதில்ல. விட்டா உயிர் போகும், கண்டுபிடிச்சா மருந்து இருக்கு" என்றார். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் மருத்துவரிடம் ஸ்லிட் விளக்கு வைத்துக் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்ற சோதனை. எதிலும் ஒன்றும் இல்லை.

மருந்து

கார்பமசிபின் தொடங்கும் முன் இன்னொரு ரத்தப் பரிசோதனை. எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபுக்கூறு இருப்பவர்களுக்கு இந்த மருந்து ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடுமையான, தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். ஆசிய வம்சாவளியினரிடம்தான் அந்தக் கூறு அதிகம் காணப்படுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இலேயே அவர்களுக்கு இதைச் சோதித்த பிறகு தரச் சொல்லிவிட்டது. என்னிடம் இல்லை. தெரிந்தவர் வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையை 'போட்டுத்தான் பார்ப்போமே' என்று எடுக்க இது அப்படிப்பட்ட மருந்து அல்ல.

இரவு 100 மி.கி. அவ்வளவுதான். வலிப்புக்குப் பெரியவர்களுக்கு நாளுக்கு 800, 1200 மி.கி. வரை போகும் மருந்து. இந்த நோய்க்கு அதில் சின்னப் பங்கு போதும், அதுவே ஓர் அடையாளம்.

இரண்டாம் நாள் ஒரு முறை கூச்சம் மட்டும் வந்தது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. நான்காம் நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியிலிருந்து வேண்டுமென்றே துள்ளி எழுந்தேன். ஒன்றும் இல்லை. உட்கார்ந்தேன், மறுபடி துள்ளினேன். அந்த ஒரு வாரத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார்ந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு, மாத்திரை மூளையைக் கலக்கிவிட்டது என்று முடிவே செய்துவிட்டாள்.

மரபணு

மருந்து வேலை செய்த பிறகு மரபணுச் சோதனை அவசியமில்லை என்றார் மருத்துவர். எனக்குத்தான் மனம் அடங்கவில்லை. 2011இன் இறுதியில் சீன ஆய்வாளர்கள் இந்த நோய்க்குக் காரணமான பி.ஆர்.ஆர்.டி-2 என்ற மரபணுவை 16ஆவது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். சில மாதங்களிலேயே, கைக்குழந்தைகளுக்கு வந்து தானாக நின்றுபோகும் வலிப்புக்கும் இதே மரபணுதான் காரணம் என்று தெரிந்தது. ஒரே குடும்பத்தில், சில நேரம் ஒரே ஆளிடம், இரண்டும் இருக்கும். அம்மா 'சரியாப் போச்சே' என்று விட்டது தனிக் கதையாக இல்லை, இந்தக் கதையின் முதல் அத்தியாயமாக இருந்தது.

என் அறிக்கையில் வந்ததும் அந்த மரபணுவில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழைதான். மரபணுவை எழுதும் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். ஒன்பது சைட்டோசின் எழுத்துகள் வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில் பத்து. அந்த ஒரு எழுத்தால் அதற்குப் பின் வரும் வாசகம் முழுவதும் நகர்ந்து, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. நரம்பணுக்களுக்குள் சோடியத்தை விட்டு அவற்றைத் தூண்டும் சோடியம் வாயில்கள் அளவுக்கு மீறித் திறக்காமல் அடக்கி வைப்பது அந்தப் புரதத்தின் வேலைகளில் ஒன்று. கார்பமசிபினும் சோடியம் வாயில்களைத்தான் அடக்குகிறது. இவ்வளவு சின்ன அளவு ஏன் போதுமாக இருக்கிறது என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இந்தச் சோதனையில் பிழை தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தனியாக வருபவர்கள் பலருக்கு பி.ஆர்.ஆர்.டி-2 ஒழுங்காகவே இருக்கும். 2021இல் டி.எம்.இ.எம் 151ஏ என்ற இன்னொரு மரபணுவும் பட்டியலில் சேர்ந்தது.

பிள்ளைகளுக்குப் போகும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி. போனவர்கள் எல்லாருக்கும் நோய் வெளிப்படும் என்றும் இல்லை. அக்கா சோதனை செய்துகொள்ளவில்லை. தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்றாள். எனக்கு அதில் எதிர்வாதம் இல்லை. அவளுக்குக் குழந்தை பிறந்தபோது மட்டும், குடும்பத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்று குழந்தை மருத்துவரிடம் முதல் நாளே எழுதிக் கொடுத்தாள். அப்பாவும் சோதனை செய்துகொள்ளவில்லை.

இப்போது

ஒன்பது ஆண்டுகளாக அதே 100 மி.கி. அவ்வப்போது ரத்தத்தில் சோடியமும் அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்கிறார்கள். இந்த நோய் பலருக்கு இருபதுகளின் பிற்பகுதியிலோ முப்பதுகளிலோ தானாகவே தேய்ந்துவிடும், அப்பாவுக்குத் தேய்ந்தது போல. அதனால் சென்ற ஆண்டு மருத்துவரோடு பேசி, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்த்தோம். பதினோரு நாள் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் வாசலில் யாரோ கூப்பிட, திரும்பி எழுந்தேன். இடது உள்ளங்காலில் அந்தக் கூச்சம். முறுக்கவில்லை, பாதியில் அடங்கிவிட்டது. அன்று இரவு மாத்திரையை மறுபடி தொடங்கினேன். அடுத்த முயற்சி இரண்டு ஆண்டுகள் கழித்து என்று சீட்டில் எழுதியிருக்கிறார்.

எழுவதற்கு முன் காலை ஆட்டிக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.